பாதிப் பேர் அலுவலகத்தில், பாதிப் பேர் வீட்டில்: பி.எம்.ஓ.வின் வேலை எப்படி மாறுகிறது?

ஒரு நிறுவனத்தில் ஒரே சமயத்தில் முப்பது ப்ராஜெக்ட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று புதிய மென்பொருள், இன்னொன்று கிடங்கை வேறு இடத்துக்கு மாற்றுவது, மற்றொன்று சம்பளக் கணக்கைப் பழைய அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்குக் கொண்டுபோவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ப்ராஜெக்ட் மேனேஜர் இருக்கிறார். அவரவர் வேலையை அவரவர் நன்றாகவே பார்க்கிறார்கள். ஆனால் முப்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது சில கேள்விகள் எழும்; அவற்றுக்கு இவர்களில் யாரிடமும் பதில் இருக்காது. மார்ச் மாதத்தில் ஒரே டேட்டாபேஸ் நிபுணரை நான்கு ப்ராஜெக்ட்டுகள் கேட்கின்றன, யாருக்கு முதலில் கொடுப்பது? எதன் செலவு பட்ஜெட்டைத் தாண்டப் போகிறது? ஆறு மாதத்துக்கு முன்பே தேவையில்லாமல் போய்விட்ட ப்ராஜெக்ட் எது, அது ஏன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது?

இந்தக் கேள்விகளைக் கையில் வைத்திருப்பதற்கென்றே உள்ள குழுதான் திட்ட மேலாண்மை அலுவலகம், ஆங்கிலத்தில் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் ஆபீஸ். வேலை செய்யும் இடங்களில் இந்த முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை, பி.எம்.ஓ. என்பதுதான் புழக்கத்தில் இருக்கும் பெயர். இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

ப்ராஜெக்ட் மேனேஜருக்கும் பி.எம்.ஓ.வுக்கும் என்ன வித்தியாசம் என்பது புதிதாக வருபவர்களுக்கு முதலில் வரும் சந்தேகம். ப்ராஜெக்ட் மேனேஜர் ஒரு ப்ராஜெக்ட்டை முடிக்கப் பொறுப்பேற்றவர். அது முடிந்ததும் அடுத்ததற்குப் போய்விடுவார். பி.எம்.ஓ. அப்படி இல்லை, நிலையாக இருக்கும். எல்லா ப்ராஜெக்ட்டுகளுக்கும் பொதுவான நடைமுறைகள், படிவங்கள், ஆட்களைப் பங்கிடுவது, நிலவரத்தைத் தொகுத்து நிர்வாகத்துக்குச் சொல்வது, முடிந்த ப்ராஜெக்ட்டிலிருந்து கற்றதை அடுத்ததற்குக் கொண்டுபோவது எல்லாம் அதன் வேலை.

எல்லா பி.எம்.ஓ.வுக்கும் ஒரே அளவு அதிகாரம் கிடையாது. இந்தத் துறையில் பெரிய தொழில்முறை அமைப்பு, 1969ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட். அது தன் கையேட்டில் பி.எம்.ஓ.க்களை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டியிருக்கிறது. முதல் வகை உதவி மட்டும் செய்யும்: மாதிரிப் படிவம் தரும், பயிற்சி தரும், கேட்டால் ஆலோசனை சொல்லும். இரண்டாவது வகை, இந்த நடைமுறையைப் பின்பற்றித்தான் ஆகவேண்டும் என்று சொல்லும், பின்பற்றுகிறார்களா என்றும் பார்க்கும். மூன்றாவது வகையில் ப்ராஜெக்ட் மேனேஜர்களே பி.எம்.ஓ.வின் ஆட்கள்; ப்ராஜெக்ட்டுகளை அதுவே நேரடியாக நடத்தும். நடைமுறையில் பல நிறுவனங்களில் இந்த மூன்றும் கலந்துதான் இருக்கும்.

தூரம் புதிய பிரச்சினை அல்ல

பி.எம்.ஓ. என்றால் ஒரே கட்டடத்துக்குள் எல்லோரையும் வைத்துக்கொண்டு செய்யும் நிர்வாகம், பாதி அலுவலகம், பாதி வீடு என்ற ஹைபிரிட் முறை வந்ததும் அது ஆட்டம் கண்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். வரலாற்றைப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

1955ல் அமெரிக்கக் கடற்படை, கடலிலிருந்து ஏவக்கூடிய ஏவுகணையை உருவாக்க ஒரு சிறப்புத் திட்ட அலுவலகத்தை அமைத்தது. நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் போலாரிஸ் ஏவுகணையை உருவாக்கியது அந்த அலுவலகம்தான். இன்றைய பி.எம்.ஓ.வின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று. ஏவுகணை ஒரு நிறுவனம், கப்பல் வேறொரு தளம், வழிகாட்டும் கருவி இன்னொரு ஆய்வகம் என்று வேலை நாடெங்கும் சிதறிக் கிடந்தது. யாருடைய வேலை யாருக்காகக் காத்திருக்கிறது என்பதை ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்ற தேவையிலிருந்துதான் 1958ல் பெர்ட் என்ற வலைப்பின்னல் வரைபட முறை வெளிவந்தது. 1960 ஜூலையில் ஜார்ஜ் வாஷிங்டன் என்ற நீர்மூழ்கியிலிருந்து போலாரிஸ் வெற்றிகரமாக ஏவப்பட்டது. அதாவது, ஆட்கள் தூரம் தூரமாக இருந்த இடத்தில்தான் இந்த மாதிரி அலுவலகத்துக்கே தேவை வந்தது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. போலாரிஸ் திட்டத்தைப் பிற்பாடு ஆராய்ந்த ஹார்வி சபோல்ஸ்கி என்ற அரசியல் அறிஞர், பெர்ட் வரைபடங்கள் வேலையை நடத்த உதவியதைவிட, "எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது" என்று வெளியாருக்குக் காட்டித் தலையீட்டைத் தள்ளி வைக்கவே அதிகம் உதவின என்று 1972ல் எழுதினார். அழகான ரிப்போர்ட் ஒன்று, உண்மை நிலவரம் வேறொன்று என்ற சிக்கல் இந்தத் தொழிலோடு கூடவே பிறந்தது என்று தெரிகிறது. கீழே மறுபடி இதற்கு வருகிறேன்.

அதன்பின் பல பத்தாண்டுகளில் பி.எம்.ஓ. கம்பெனிகளுக்குள் வந்தது, தலைமை அலுவலகத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்தது. மெல்ல மெல்ல அதன் முக்கிய வேலையே ரிப்போர்ட் சேகரிப்பது என்று ஆகிவிட்டது. 2001ல் பதினேழு மென்பொருள்காரர்கள் கூடி, அஜைல் என்ற வேலை முறைக்கான அறிக்கையை வெளியிட்டார்கள். சிறு குழுக்கள் தங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் என்ற எண்ணம் அதிலிருந்து பரவியது. அப்போதே "பி.எம்.ஓ. இன்னும் தேவைதானா?" என்ற கேள்வி கிளம்பிவிட்டது. 2020ல் கொரோனா எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியபோது அந்தக் கேள்வி அவசரமாக மாறியது.

ஹைபிரிட்டில் எது உடைகிறது?

ஹைபிரிட் என்றால் வாரத்தில் சில நாள் அலுவலகம், சில நாள் வீடு. சிலர் முழுக்க வெளியூரிலிருந்து வேலை செய்வதும் இதில் அடங்கும். எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. எல்லோரும் வீட்டில் என்றால் எல்லோருக்கும் ஒரே கதி: சொல்ல வேண்டியதைத் திரையில்தான் சொல்லியாக வேண்டும். ஹைபிரிட்டில் அப்படி இல்லை. நான்கு பேர் ஒரே அறையில், மூன்று பேர் திரையில். அறையில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் தகவலும் திரையில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் தகவலும் ஒன்றாக இருப்பதில்லை. யாரும் வேண்டுமென்று மறைப்பதில்லை. இயல்பாகவே அப்படி ஆகிவிடுகிறது.

1970களில் எம்.ஐ.டி. பேராசிரியர் தாமஸ் ஆலன் ஆய்வுக்கூடங்களில் பொறியாளர்கள் யாரோடு எவ்வளவு பேசுகிறார்கள் என்று அளந்தார். இருவரின் மேசைகளுக்கு இடையே தூரம் கூடக் கூட அவர்கள் பேசிக்கொள்வது வெகு வேகமாகக் குறைந்தது. ஐம்பது மீட்டரைத் தாண்டினால் பேச்சு மிக அபூர்வம். ஒரே கட்டடத்தில் ஐம்பது மீட்டருக்கே இந்த நிலை என்றால், ஊர் விட்டு ஊர் இருப்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

2021ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இதை வேறு பக்கத்திலிருந்து காட்டியது. மைக்ரோசாஃப்ட்டின் அமெரிக்க ஊழியர்கள் 61,182 பேரின் மின்னஞ்சல், மீட்டிங், அழைப்புத் தரவுகளை (யார் என்ற அடையாளம் நீக்கி) 2020ன் முதல் ஆறு மாதங்களுக்கு ஆராய்ந்தார்கள். நிறுவனம் முழுக்க வீட்டிலிருந்து வேலை என்று மாறியதும், ஒரே குழுவுக்குள் இருந்த உறவுகள் இறுகின. வெவ்வேறு குழுக்களுக்கு நடுவே இருந்த பாலங்கள் குறைந்தன. என் பார்வையில், பி.எம்.ஓ. பற்றிப் பேசும் எவரும் மனதில் வைத்திருக்க வேண்டிய முதல் செய்தி இது. குழுவுக்குள் நடப்பதைக் குழுவே பார்த்துக்கொள்ளும். குழுவுக்கும் குழுவுக்கும் நடுவில் விழும் விஷயங்களைப் பார்க்கத்தான் ஆள் இல்லாமல் போகிறது. அந்த நடுவிடம் பி.எம்.ஓ.வின் இடம்.

கணக்காகப் பார்த்தாலும் புரியும். பத்துப் பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளக்கூடிய வழிகள் 45. இருபது பேர் என்றால் 190. ஐம்பது பேர் என்றால் 1,225. எல்லோரும் எல்லோரோடும் பேசித் தெரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட முடியாது. முன்பு கேன்டீனும் லிஃப்ட்டும் பக்கத்து மேசையும் இந்த 1,225ல் கொஞ்சத்தைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தன. இப்போது வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவையும் இல்லை.

ஒரு முடிவு காணாமல் போகும் விதம்

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். முன்பு சொன்ன சம்பளக் கணக்கு ப்ராஜெக்ட்டையே எடுத்துக்கொள்ளலாம். பழைய அமைப்பில் இருக்கும் ஐந்து வருடச் சம்பளப் பதிவுகளைப் புதிய அமைப்புக்கு மாற்ற வேண்டும் என்பது திட்டம்.

செவ்வாய்க்கிழமை காலை மீட்டிங். ஐந்து பேர் அறையில், இரண்டு பேர் வீட்டிலிருந்து. பதினொன்றரைக்கு மீட்டிங் முடிந்து திரை அணைகிறது. அறையில் இருந்தவர்கள் எழுந்து நடக்கும்போது ஒருவர் சொல்கிறார்: "அந்த முதல் மூணு வருஷப் பதிவுல பணியாளர் எண்ணே வேற மாதிரி இருக்கு. சரி பண்ண ஆறு வாரம் ஆகும்." சம்பளப் பிரிவுத் தலைவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, "அப்போ கடைசி ரெண்டு வருஷம் போதும், மிச்சம் பழைய சிஸ்டத்துலயே இருக்கட்டும்" என்கிறார். எல்லோருக்கும் நிம்மதி. நல்ல முடிவாகக்கூட இருக்கலாம்.

வீட்டிலிருந்த சோதனைப் பொறியாளருக்கு இது தெரியாது. அவர் ஐந்து வருடத் தரவுக்கும் சோதனைகள் எழுதிக்கொண்டே போகிறார். இரண்டு வாரம் கழித்து, "இந்த வருஷங்களோட டேட்டா ஏன் இன்னும் வரலை?" என்று கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. அவருடைய இரண்டு வார உழைப்பில் பாதிக்கு மேல் வீண். இதில் அவரைக் காயப்படுத்துவது வீணான உழைப்பு மட்டும் அல்ல. தன்னை யாரும் நினைக்கவே இல்லை என்பதும்தான்.

இதைவிடப் பெரிய சேதம் வேறு இடத்தில் இருக்கிறது. அதே நிறுவனத்தில் ஓய்வூதியக் கணக்கை மாற்றியமைக்கும் இன்னொரு ப்ராஜெக்ட் ஓடுகிறது. புதிய அமைப்பில் ஐந்து வருடச் சம்பளம் இருக்கும் என்று நம்பித்தான் அவர்கள் எல்லாவற்றையும் வடிவமைத்திருக்கிறார்கள். அந்தக் குழுவுக்கு இந்தத் தகவல் போக எந்த வழியும் இல்லை. சம்பளக் குழுவில் இருப்பவர்களுக்கு அப்படி ஒரு ப்ராஜெக்ட் இருப்பதே தெரியாமல் இருக்கலாம்.

இந்த ஓட்டையை அடைக்க இன்றைய நல்ல பி.எம்.ஓ.க்கள் பயன்படுத்தும் கருவி மிகச் சாதாரணமானது: முடிவுப் பதிவேடு. ஒரு பொது ஆவணம், எல்லோரும் திறந்து பார்க்கலாம், ஒரு முடிவுக்கு ஐந்தாறு வரி. மேலே சொன்ன முடிவை அதில் எழுதினால் இப்படி இருக்கும்:

முடிவு: கடைசி இரண்டு வருடச் சம்பளப் பதிவுகளை மட்டும் மாற்றுவோம், அதற்கு முந்தைய மூன்று வருடம் பழைய அமைப்பிலேயே, படிக்க மட்டும் முடிகிற விதத்தில் இருக்கும்.
காரணம்: அந்த மூன்று வருடங்களில் பணியாளர் எண்ணின் வடிவம் வேறு, சரிசெய்ய ஆறு வாரம் ஆகும்.
யோசித்து விட்டுவிட்ட வழி: எண்களைத் தானாக மாற்றும் நிரல் எழுதுவது. ஒரே எண் இருவருக்கு இருக்கும் இடங்களில் அது தவறு செய்யும்.
முடிவெடுத்தவர்: சம்பளப் பிரிவுத் தலைவர்.
யாரையெல்லாம் தொடும்: சோதனைக் குழு, தணிக்கை, ஐந்து வருடச் சம்பளத் தரவைப் பயன்படுத்தும் எவரும்.
ஆட்சேபம் இருந்தால்: வெள்ளிக்கிழமை மாலைக்குள்.

எழுத ஐந்து நிமிடம் ஆகும். இதை எழுதுவது பி.எம்.ஓ. ஊழியரின் வேலை இல்லை. அந்தப் பேச்சில் இருந்த யாராவது ஒருவர் அன்றே எழுத வேண்டும். பி.எம்.ஓ. செய்வது இரண்டு விஷயம். ஒன்று, பதிவேட்டில் இல்லாத முடிவு முடிவே இல்லை என்ற விதியை எல்லோரும், முக்கியமாக மேலதிகாரிகள், மதிக்க வைப்பது. இரண்டு, எல்லா ப்ராஜெக்ட்டுகளின் பதிவேடுகளையும் சேர்த்து வாசிப்பது. "ஐந்து வருடச் சம்பளத் தரவு" என்ற வரியைப் படித்ததும் ஓய்வூதிய ப்ராஜெக்ட் ஞாபகம் வரக்கூடிய ஒரே ஆள் அந்த அலுவலகத்தில் இருப்பவர்தான். இந்த வாசிப்பு கண்ணுக்குத் தெரியாத வேலை. ஆனால் ஹைபிரிட் காலத்து பி.எம்.ஓ.வுக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுக்கலாம் என்றால் நான் இதைத்தான் கொடுப்பேன்.

"காரணம்" என்ற வரியையும் "விட்டுவிட்ட வழி" என்ற வரியையும் அவசரத்தில் பலர் விட்டுவிடுவார்கள். விடக் கூடாது. அன்று அறையில் இல்லாதவர் முடிவை ஏற்றுக்கொள்ள உதவுவது அந்த இரண்டு வரிகள்தான். இல்லாவிட்டால் அவர் அதே வாதத்தை முதலிலிருந்து தொடங்குவார், அதில் நியாயமும் இருக்கும்.

ரிப்போர்ட் சேகரிப்பிலிருந்து கேள்வி கேட்பதற்கு

பழைய முறையில் பி.எம்.ஓ.வின் வாரம் பெரும்பாலும் இப்படிப் போகும்: வியாழன் எல்லோருக்கும் ஸ்டேட்டஸ் கேட்டு மெயில், வெள்ளி நினைவூட்டல், திங்கள் எக்செல்லில் தொகுப்பு, செவ்வாய் நிர்வாகத்தின் முன் ஸ்லைடு. நிர்வாகம் பார்க்கும்போது தகவல் ஏற்கெனவே நாலைந்து நாள் பழசு. இப்போது வேலைகள் ஜிரா மாதிரியான, வேலைகளைப் பின்தொடரும் மென்பொருள் கருவிகளில் பதிவாகின்றன. எது முடிந்தது, எது நிற்கிறது என்று டேஷ்போர்டில், அதாவது எல்லாவற்றையும் தொகுத்துக் காட்டும் திரையில், அந்தந்த நேரத்திலேயே பார்க்கலாம். சேகரிப்பு வேலை பெருமளவு கருவிக்குப் போய்விட்டது. அதையே முழுநேர வேலையாக வைத்திருந்த பி.எம்.ஓ.க்கள் காரணம் தெரியாமல் கலைக்கப்படுவதும் இதனால்தான்.

ஆனால் டேஷ்போர்டு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ப்ராஜெக்ட் நிலவரத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறத்தில் காட்டுவது வழக்கம். வெளியே பச்சை, உள்ளே சிவப்பாக இருக்கும் ப்ராஜெக்ட்டுக்கு இந்தத் தொழிலில் தர்பூசணி என்றே பெயர். மாதக்கணக்கில் பச்சையாக இருந்துவிட்டு, முடிக்க வேண்டிய தேதிக்கு மூன்று வாரம் முன்னால் திடீரென்று சிவப்பாகிவிடும். சபோல்ஸ்கி போலாரிஸில் பார்த்ததும் இதற்கு உறவுக்காரன்தான்.

ஹைபிரிட்டில் தர்பூசணி அதிகமாக விளைய வாய்ப்பு இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு ப்ராஜெக்ட் மேனேஜர் "நல்லா போகுது" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தே சந்தேகம் வந்துவிடும். இரவு எட்டு மணிக்கும் அவர் குழு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் தானாகவே புரியும். திரையில் கேமராவை அணைத்துவிட்டு "பச்சை" என்று சொல்பவரிடம் எதையும் படிக்க முடியாது. மஞ்சள் என்று சொன்னால் அடுத்த நிமிடம் மூன்று அதிகாரிகள் அழைப்பார்கள் என்ற பயம் இருந்தால் யாரும் மஞ்சள் சொல்லவும் மாட்டார்கள்.

இங்கே பி.எம்.ஓ. நிறத்தைக் கேட்பதை விட்டுவிட்டு வேறு கேள்விகளைக் கேட்க வேண்டும். "போன மாதம் எந்தெந்தத் தேதிகளைத் தள்ளி வைத்தீர்கள்?" "உங்களுக்கு வர வேண்டியது யாரிடம் நிற்கிறது?" "நாளையே பயனாளர் ஒருவரிடம் காட்டச் சொன்னால் எதைக் காட்டுவீர்கள்?" கடைசிக் கேள்விக்கு "எண்பது சதவீதம் முடிந்துவிட்டது" என்று பதில் வந்தால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். காட்டுவதற்கு ஏதாவது இருந்தால் சதவீதம் பேசத் தேவை இல்லை. இந்த உரையாடலை நேரிலோ, இருவர் மட்டும் பேசும் அழைப்பிலோ வைத்துக்கொள்வது நல்லது. இருபது பேர் முன்னால் யாரும் தன் ப்ராஜெக்ட்டில் ஓட்டை இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். மஞ்சள் சொன்னவருக்கு முதலில் கிடைப்பது விசாரணையாக இல்லாமல் உதவியாக இருக்கிறதா என்பதையும் பி.எம்.ஓ.தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று முறை அப்படி நடந்தால் மற்றவர்களும் வாய் திறப்பார்கள்.

அலுவலகத்துக்கு எந்த நாளில்?

"வாரத்தில் மூன்று நாள் கட்டாயம்" என்று பொத்தாம்பொதுவாக ஒரு உத்தரவு வரும். ஆட்கள் வருவார்கள், ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு அடுத்த அறையில் இருப்பவரோடு வீடியோவில் பேசிவிட்டுப் போவார்கள். இதில் பி.எம்.ஓ. உருப்படியாகச் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது, ஏனென்றால் எந்த ப்ராஜெக்ட் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியும்.

ப்ராஜெக்ட் தொடங்கும் முதல் சில நாட்கள், வெவ்வேறு குழுக்களின் வேலைகளை ஒன்றோடொன்று கோர்த்துத் திட்டமிடும் நாள், புதிய அமைப்பு பயன்பாட்டுக்கு வரும் வாரம், சண்டையில் முடியக்கூடிய ஒரு பேச்சுவார்த்தை ஆகியவற்றுக்கு நேரில் கூடுவது பயன் தரும். நடுவில் நிரல் எழுதுவது, ஆவணம் தயாரிப்பது, சோதிப்பது போன்ற வேலைகளுக்கு அமைதிதான் தேவை. அது வீட்டில் கிடைத்தால் வீடு. ஆகவே கிழமைக் கணக்கை விட ப்ராஜெக்ட்டின் கட்டத்தை வைத்து நாட்களைத் தீர்மானிப்பது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. மார்ச்சில் ஒரு வாரம் முழுக்க எல்லோரும் வரலாம், ஏப்ரலில் யாரும் வராமலே இருக்கலாம்.

வீட்டிலிருந்து வேலை செய்தால் வேலை கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. சீனாவைச் சேர்ந்த டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களைப் பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து இரண்டாகப் பிரித்தார்கள். ஒற்றைப்படைக்காரர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் புளூமும் சக ஆய்வாளர்களும் 2024ல் நேச்சர் இதழில் வெளியிட்ட முடிவு இது: ஹைபிரிட் குழுவில் வேலையை விட்டுப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள், செயல்திறன் மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் இரு குழுக்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சோதனைக்கு முன்பு மேனேஜர்கள் உற்பத்தித்திறன் சராசரியாக 2.6 சதவீதம் குறையும் என்று நினைத்திருந்தார்கள். முடிந்தபின் 1 சதவீதம் கூடுவதாகச் சொன்னார்கள். ஒருவர் திறமையாக வேலை செய்கிறாரா என்பது இங்கே பெரிய சிக்கல் இல்லை என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பி.எம்.ஓ. தன் கவனத்தைத் தனி ஆளின் மேல் வைக்காமல் ஆட்களுக்கு நடுவே நடக்கும் பரிமாற்றத்தின் மேல் வைக்க இதுவும் ஒரு காரணம்.

செய்யக் கூடாதது ஒன்று

கையில் இவ்வளவு தரவு இருக்கும்போது, யார் எத்தனை மணிக்கு லாகின் செய்தார், டீம்ஸ் என்ற உரையாடல் செயலியில் யார் பெயர் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறது, யார் எத்தனை டிக்கெட் (கருவியில் பதிவான ஒரு தனி வேலை) முடித்தார் என்று பார்க்கும் ஆசை நிர்வாகத்துக்கு வரும். அதைச் செய்து தரச் சொல்லி பி.எம்.ஓ.விடம்தான் கேட்பார்கள். மறுத்துவிட வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறேன். ஒரு அளவீடு இலக்காக மாறிய உடனே அது அளவீடாக இருக்கத் தகுதி இழந்துவிடும் என்பது பொருளாதாரத்தில் குட்ஹார்ட் விதி என்று பெயர் பெற்ற பழைய பாடம். முடித்த டிக்கெட்டுகளை எண்ணினால் ஒரு வேலையை ஏழு டிக்கெட்டாக உடைத்து எழுதுவார்கள். பச்சைப் புள்ளியைப் பார்த்தால் மவுஸை அசைத்துக்கொண்டே இருக்க ஒரு கருவி வாங்கி வைப்பார்கள்.

இதில் போவது எண்ணிக்கையின் நம்பகத்தன்மை மட்டும் அல்ல. வேவு பார்க்கும் அலுவலகத்திடம் யாரும் மஞ்சள் சொல்ல மாட்டார்கள், முடிவுப் பதிவேட்டில் உண்மையான காரணத்தை எழுத மாட்டார்கள். ப்ராஜெக்ட் எங்கே தடைபடுகிறது என்று அளக்கலாம்: ஒரு வேலை ஒப்புதலுக்காக எத்தனை நாள் காத்திருந்தது, ஒரு குழுவிடமிருந்து இன்னொரு குழுவுக்குக் கைமாற எவ்வளவு நேரம் ஆனது. ஆள் பெயர் இல்லாத இந்த அளவுகள் போதும். பெரும்பாலும் தாமதம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

புதியவர்கள் எங்கே கற்றுக்கொள்வார்கள்?

இளம் ப்ராஜெக்ட் மேனேஜர் ஒருவர் வேலையைப் பெரும்பாலும் காதால்தான் கற்றுக்கொள்வார். பக்கத்து மேசையில் இருக்கும் மூத்தவர், தாமதமாக்கும் ஒப்பந்தக்காரரிடம் தொலைபேசியில் எப்படிப் பேசுகிறார், எங்கே குரலை உயர்த்துகிறார், எங்கே விட்டுக்கொடுக்கிறார் என்று கேட்டே பாதி கற்றுவிடலாம். வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் குரல் கேட்காது. அதனால் இதை யாராவது வேண்டுமென்றே ஏற்பாடு செய்ய வேண்டும். கடினமான அழைப்புகளில் இளையவர் ஒருவரையும் சேர்த்து உட்கார வைப்பது, முடிந்ததும் பத்து நிமிடம் "ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா?" என்று பேசுவது. பயிற்சி வகுப்பு பத்தைவிட இது உதவும்.

மீட்டிங்கைப் பதிவு செய்து தானாகச் சுருக்கம் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது வந்துவிட்டன. வராதவர்களுக்கு உபயோகம்தான். ஆனால் சுருக்கத்தை முடிவுப் பதிவேட்டுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளக் கூடாது. என்ன பேசினார்கள் என்று கருவி சொல்லும். எது முடிவு, அதற்கு யார் பொறுப்பு என்று ஒரு மனிதர் கையெழுத்திட்டால்தான் உண்டு. மீட்டிங் முடிந்து நடந்துபோகையில் பேசியது கருவிக்கும் தெரியாது.

சரி, எங்கே தொடங்குவது?

இருபது முப்பது பேர் இருக்கும் நிறுவனத்துக்குத் தனி அலுவலகம் தேவை இல்லை. ஒருவர் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கினாலே போதும். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராஜெக்ட்டுகளின் ஒரு பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், ஒவ்வொன்றும் எதற்காகக் காத்திருக்கிறது என்ற ஒரு வரி, அப்புறம் ஒரு முடிவுப் பதிவேடு. அவ்வளவுதான். பட்டியலைத் தயாரிக்கும்போதே, எதற்காக ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாத ப்ராஜெக்ட் ஒன்றாவது தென்படலாம். நிறுத்தச் சொல்லிக் கேட்பதும் பி.எம்.ஓ.வின் கடமைதான்.

ஏற்கெனவே பெரிய பி.எம்.ஓ. இருக்கும் இடத்தில் தொடக்கம் வேறு: கழிப்பது. இப்போது கேட்கும் ஒவ்வொரு படிவத்தையும் எடுத்து, கடந்த மூன்று மாதத்தில் இதைப் படித்து யார் என்ன முடிவு எடுத்தார் என்று பாருங்கள். பதில் இல்லாத படிவத்தை ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள், யாரும் தேடாவிட்டால் விட்டுவிடலாம். அந்த நேரத்தில் பதிவேட்டைத் தொடங்குங்கள். ஒரு மாதம் ஆனதும், குழுவில் புதிதாகச் சேர்ந்த, இன்னும் அலுவலகப் பக்கமே வராத ஒருவரிடம் அதைக் கொடுத்து, இந்த ப்ராஜெக்ட் ஏன் இந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்கே விளக்கச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ அங்கே ஒரு பதிவு விடுபட்டிருக்கும். அதை எழுதியிருக்க வேண்டியவர் யார் என்று தேடிப் போய்க் கேட்டு, அன்றே எழுதி வாங்கிவிடுங்கள்.